தம்பி வீட்டு மாடியில் என் குப்பிகள்

வெயிலில் கிடத்திய நீரைக் குடித்துத்தான் என் மனைவி தேறினாள் என்பதைத் தம்பி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டால் கிணறு கெட்டிருந்தது என்றாகும். கிணற்றைக் கெடுத்தது, அதனருகே அவன் தோண்டிய கழிவுநீர்த் தொட்டி என்றும் ஆகும்.

இரு வீட்டுக்கும் நடுவே ஒரே கிணறு. தொட்டி கட்டிய மழைக்காலத்திலேயே அவளுக்கு டைபாய்டு கண்டது. இன்னொரு முறை வந்தால் உடம்பு தாங்காது என்று எச்சரித்தே மருத்துவமனையிலிருந்து அனுப்பினார்கள். கொதிக்கவைத்து ஆற்றிய நீரோ அவளுக்குக் குமட்டியது; ஒரு மிடறு இறங்கவில்லை. சுகாதாரப் பணிக்காக வீடு வீடாக வரும் பெண்தான் வேறு வழி சொன்னாள். நிறமற்ற பிளாஸ்டிக் குப்பியில் தெளிந்த நீரை நிரப்பி, மூடி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்கவைக்க வேண்டும். மேகம் மூடினால் இரண்டு நாள். கலங்கிய நீருக்குள் வெயில் இறங்காது. அச்செழுத்தின்மேல் குப்பியை நிறுத்தி மேலிருந்து பார்த்தால் எழுத்து தெரிய வேண்டும்.

என் ஓட்டு வீட்டைச் சுற்றி மரநிழல். தம்பியின் மொட்டை மாடியில் நாள் முழுதும் வெயில். கேட்டபோது அக்கம்பக்கத்தார் நின்றிருந்ததால் அவனால் மறுக்க முடியவில்லை.

காலையில் திருநீற்றுப் பதிகம் ஓதி, ஞாயிற்றைத் தொழுதபின் நானே குப்பிகளை மாடியில் அடுக்கினேன். அவள் முகம் தெளியத் தொடங்கியது. பிறகு, காரணம் தெரியாமல், மறுபடியும் வயிறு கலைந்து காய்ச்சல் ஏறியது. ஐயம் எழுந்து, அன்று மாலை இறக்கிய குப்பியைப் பதிகப் புத்தகத்தின்மேல் நிறுத்திப் பார்த்தேன். எழுத்துகள் பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் மங்கின.

மறுநாள் மாடிக் கதவின் பின்னே மறைந்து நின்று கவனித்தேன். தம்பி குளித்த ஈரத்தோடு வந்தான். ஒவ்வொரு குப்பியையும் திறந்து, கோயில் திருநீற்றை ஒரு சிட்டிகை இட்டு, குலுக்கி மூடினான்.

திருநீறு என் நெற்றியிலும் உண்டு. பக்தியால் செய்தான் என்றால், ஒளிந்து செய்வானேன்? வெயில் குணமாக்கினால் குற்றம் கிணற்றுக்கு. திருநீறு குணமாக்கினால் நோய் முன்வினையால் வந்ததாகிவிடும். தன் தொட்டியைக் காப்பாற்ற இறைவனைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்தவனை என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்நீரைக் கால்படாதவாறு செம்பருத்தி வேரில் ஊற்றினேன். தம்பி பார்த்துவிட்டான்.

"ஏனுங்கண்ணா, காலையில திருநீத்தப் பாடறீங்க, மத்தியானம் அதையே செடிக்கு ஊத்தறீங்க. இது எந்த ஊருப் பக்திங்க?"

"நெத்தியில பூசறத நெத்தியிலதான் பூசோணும். அதப் போட்டு உன்ற தொட்டிய மறைக்காதே."

அன்றே மாடிக் கதவுக்குப் பூட்டு விழுந்தது.

எஞ்சியது, நெல் காயப்போடும் சிமெண்டுக் களம். அதில் பாதி எனக்குரியது. மறுநாள் குப்பிகளோடு போனபோது, களத்தின் நான்கு ஓரமும் தொட அவன் நெல் பரந்திருந்தது. திகைத்து நின்றேன். அப்போது என் மனைவி சுவரைப் பிடித்தபடி விளக்குமாற்றோடு வந்தாள். எங்கள் பாதியில் கிடந்த நெல்லை அவன் பாதிக்குத் தள்ளத் தொடங்கினாள். தம்பி ஓடிவந்தான். அவனோடு அதுவரை ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசாதவள் அவள்.

"கொழுந்தனாரே, நெல்லு இன்னிக்குக் காயலீன்னா நாளைக்குக் காயுமுங்க. எனக்கு அப்படி இல்லீங்க," என்றாள். மூச்சு வாங்கியது. "உங்க திருநீத்தக் கெணத்துல போடுங்க. அதுக்குத்தான் சீக்கு."

அவன் எஞ்சிய நெல்லைக் காலாலேயே தன் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். அவள் குப்பிகளை வரிசையாகக் கிடத்தி, குடை பிடித்து நாற்காலியில் பொழுது சாயும்வரை காவலிருந்தாள். மருந்தோடு அந்த நீரையே குடித்து எழுந்தாள்.

தம்பி எங்களோடு பேசுவதை விட்டுவிட்டான். எனக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை.