பென்னி அண்ணா வராத ஞாயிற்றுக்கிழமை

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்க் காபி போட்டுக்கொள்கிற ஆள் நான். அம்மா ராகு காலம் பார்ப்பாள் என்பதற்காகவே அந்த நேரம் பார்த்துக் கிளம்புகிறவள். அபிராமபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் பிள்ளைகளைக் கீபோர்டு கிரேடு பரீட்சைக்குத் தயார் செய்கிறேன், சாப்பாடு அதில்தான். ஜாஸ் வாசிப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். இப்படிப்பட்ட ஒருத்தி சொல்கிறாளே என்று நீங்கள் நம்ப வேண்டியதில்லை, நானே பாதிதான் நம்புகிறேன், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

தி.நகரில் ஒரு ஹோட்டலில் ஞாயிறு மதியம் பஃபே சாப்பாடு நடக்கும்போது ஓரத்தில் உட்கார்ந்து மூன்று பேர் வாசிப்போம். நான் கீபோர்டு, இம்தியாஸ் டிரம்ஸ், பென்னி அண்ணா சாக்ஸபோன். பேஸ் கிடாருக்கு என்று தனியாக ஆள் போட ஹோட்டலுக்கு மனசில்லாததால் அந்த வேலையை என் இடது கை இலவசமாகச் செய்துவிடும். சென்னையில் ஜாஸ் என்றால் இதுதான். இம்தியாஸ் வாரம் முழுக்கக் கல்யாண ரிசப்ஷன்களில் சினிமாப் பாட்டுக்கு அடிப்பான், சாந்தோமில் இருக்கும் பென்னி அண்ணாவும் அறுபது வயதில் அதே ரிசப்ஷன்களில் கோட்டு மாட்டிக்கொண்டு ஊதுவார். பிடித்ததை வாசித்து, அதற்குக் காசும் வருவது இந்த ஒரு இடத்தில்தான். ஆனால் யாரும் கவனித்ததில்லை. அந்த ஹாலில் யாருக்காவது பிறந்தநாள் கேக் வெட்டினால்தான் கைதட்டலே கேட்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பென்னி அண்ணாவுக்கு முன்பல் போயிற்று. சிரிக்காதீர்கள், சாக்ஸபோன் ஊதுகிறவர்களுக்கு மேல்வரிசை முன்பல்தான் ஊன்றுகோல். ஆடிக்கொண்டிருந்ததை டாக்டர் எடுத்துவிட்டார், புதுப் பல் வைத்துச் சரியாகும்வரை ஊதவே கூடாது என்றும் சொல்லிவிட்டார். நாங்கள் மேனேஜரிடம் காய்ச்சல் என்று சொல்லி இரண்டு வாரம் ஒப்பேற்றினோம். பிறகு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மேடம், கெஸ்ட் எல்லாம் சாக்ஸத்தான் பாக்குறாங்க. அது இல்லன்னா நான் மேல என்ன பதில் சொல்றது? இந்த வாரமும் அவர் வரலன்னா வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன், தப்பா நினைக்காதீங்க.”

வேற ஏற்பாடு என்றால் லேப்டாப்பில் பாட்டுப் போடுகிற ஒரு பையன், எங்கள் சம்பளத்தில் பாதிக்கு. ஒருதடவை லேப்டாப் வந்துவிட்டால் அப்புறம் மனிதர்களைக் கூப்பிட மாட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் பென்னி அண்ணா, “நான் வரேன் மா. ரெண்டு நோட்டு ஊதிட்டு சும்மா குந்திகினு கீறேன், மூஞ்சிய காட்டுனா போதும்ல?” என்றார். ஆனால் ஞாயிறு காலையில் அவர் மனைவி போன் செய்து, முகம் வீங்கிக் கிடக்கிறது, மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறேன் என்றார்.

எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. அவருடைய நாற்காலியைப் போட்டு, மைக்கை வைத்து, “வந்துகிட்டே இருக்கார் சார், டிராஃபிக்” என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு ஆரம்பித்தோம். பாண்டி பஜார் கூட்டத்தின் புண்ணியத்தில் தி.நகரில் அந்தப் பொய்க்கு ஒரு மணிநேரமாவது ஆயுள் உண்டு.

கொஞ்ச நேரம் கழித்து ‘மந்தவெளி’ எடுத்தோம். அது பென்னி அண்ணாவே போட்ட மெதுவான ப்ளூஸ், மந்தவெளி பஸ் ஸ்டாண்டில் பஸ் வராத கடுப்பில் பிறந்ததாம். ஜாஸ் வாசிப்பில் ஒரு வழக்கம் உண்டு. மெட்டு ஒருமுறை முடிந்ததும் அதே சுற்றை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கற்பனைக்கு வாசிப்போம், தன் முறை முடிந்தவர் அடுத்தவரைப் பார்த்துத் தலையாட்டுவார். தலையாட்டியாகிவிட்டால் மேடை அவருடையது, மற்றவர்கள் பின்னால் நின்று தாங்க வேண்டும். என் முறை முடிந்தது. வருஷக்கணக்கான பழக்கம், கழுத்து தானாக வலதுபக்கம் திரும்பியது, காலி நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டேன்.

“அக்கா, இன்னா பண்றீங்க?” என்றான் இம்தியாஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. மூன்று நான்கு கட்டையைச் சேர்த்து அழுத்தி ஒரு சுற்று பின்னணிக் கார்டு மட்டும் வாசித்துவிட்டு மெட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். சுற்று முடிந்தது, நான் திரும்பவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது, முடிக்கிற மாதிரி தோன்றவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது சுற்றும் போயிற்று. மூன்றாவதில் இம்தியாஸ் மெதுவாகத் தேய்க்கிற கம்பிப் பிரஷைக் கீழே போட்டுவிட்டுக் குச்சியை எடுத்தான், பென்னி அண்ணா சூடு பிடிக்கும்போது மட்டும் அவன் செய்கிற வேலை அது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கேட்டதெல்லாம் என் கீபோர்டு, அவன் டிரம்ஸ், ஏ.சி., தட்டில் கரண்டி படுகிற சத்தம். பிறகு கரண்டிச் சத்தமும் நின்றது.

சுற்று முடிந்ததும் ஹால் முழுக்கக் கைதட்டினார்கள்.

நான் கேக் எங்கே என்று பார்த்தேன். கேக் இல்லை. எல்லாரும் எங்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதிலும் என்னைப் பார்க்கவில்லை, எனக்கு வலதுபக்கம் பார்த்தார்கள். முன்வரிசை மேஜையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் மேனேஜர் ஓடி வந்தார், முகமெல்லாம் பல். “இன்னிக்கு சாக்ஸ் வேற லெவல் மேடம். சார் எங்க, வெளியில போயிட்டாரா? அடுத்த வாரத்துல இருந்து வழக்கம்போல கன்டினியூ பண்ணுங்க.” கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். கேலி செய்கிற மூஞ்சி இல்லை அது, மூன்று பேருக்கும் சேர்த்துப் பணத்தையும் அன்றே அனுப்பிவிட்டார்.

கூட்டத்தில் ஒருவர் தட்டினால் எல்லாரும் தட்டுவார்கள், காலி நாற்காலியும் மைக்கும் இருந்தால் கேட்ட மாதிரியே தோன்றும் என்றெல்லாம் இம்தியாஸிடம் வியாக்கியானம் சொன்னேன். அவன் ஒவ்வொரு ஞாயிறும் தாளம் ஓடுகிறதா என்று பார்க்கப் போனில் ரெக்கார்டிங் போட்டு வைப்பான். கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்டோம். சாக்ஸபோன் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

“அக்கா, உங்கள கேளுங்க,” என்றான் அவன்.

கேட்டேன். பின்னால் நின்று தாங்குகிறவள் சும்மா கார்டு அடிக்க மாட்டாள், முன்னால் வாசிப்பவர் மூச்சு விடுகிற இடத்தில் ஒரு வார்த்தை பதில் சொல்வாள், அவர் பேசும்போது வாயை மூடிக்கொள்வாள். ரெக்கார்டிங்கில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இடம் விடுகிறேன், பதில் சொல்கிறேன், ஓர் இடத்தில் எதற்கோ வழிவிட்டு முழுக்க நிறுத்தியே விடுகிறேன். மூன்றாவது சுற்றில் ஒரு குட்டிச் சங்கதியைத் திருப்பி வாசிக்கிறேன். திருப்பி வாசிக்க வேண்டுமானால் முதலில் யாராவது வாசித்திருக்க வேண்டும். அந்த மாதிரி வளைவு என் கையில் கிடையாது, அது பென்னி அண்ணாவின் வளைவு.

“யாருக்குக்கா பதில் சொல்லிக்கினு இருந்தீங்க?” என்று கேட்டான். கார் சாவியைத் தேடுகிற மாதிரி பைக்குள் கையை விட்டுக்கொண்டேன்.

பென்னி அண்ணாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். பல் போய்ப் படுத்திருக்கிற மனிதரிடம், நீங்கள் இல்லாமலேயே உங்களுக்குக் கைதட்டினார்கள் என்று எப்படிச் சொல்வது? சாயங்காலம் போன் செய்தார். “இன்னா சொன்னான் மேனேஜர்?” என்றார். “உங்களுக்காக வெயிட் பண்றாராம் அண்ணா” என்றேன். அடுத்தடுத்த வாரங்களுக்கு அவருடைய மருமகன் கிளாரினெட்டோடு வந்து ஒப்பேற்றினான். மந்தவெளியை மட்டும் நான் எடுக்கவே இல்லை.

புதுப் பல் வைத்துக்கொண்டு பென்னி அண்ணா திரும்பி வந்தபோது அந்த மேனேஜர் மாற்றலாகிப் போயிருந்தார். முதல் நாளே நன்றாக ஊதினார், பழைய காற்று அப்படியே இருந்தது. தைரியமாக மந்தவெளி எடுத்தேன். மெட்டை அவர்தான் வாசித்தார், அழகாக வாசித்தார். என் முறை முடிந்து அவரைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் சாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். இன்னொரு சுற்று போயிற்று, மறுபடி தலையாட்டினேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

இடைவேளையில் என்ன அண்ணா, வலிக்கிறதா என்று கேட்டேன்.

“வலியெல்லாம் இல்ல மா. அதான் அன்னிக்கே வாசிச்சிட்டனே. அதுல எங்கிட்ட இருந்ததெல்லாம் தீந்துபோச்சு.” கொஞ்சம் டீ குடித்துவிட்டு, வகுப்பில் பிழை திருத்துகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். “நீ எனக்கு நல்லா இடம் விட்டு வாசிச்ச. மூணாவது சுத்துல மட்டும் என்னைத் திருப்பி வாசிச்சப்ப, கடைசி நோட்ட முழுங்கிட்ட.”

இம்தியாஸ் சொல்லியிருப்பான் என்று பார்த்தால் தன் மகள்மேல் சத்தியம் செய்கிறான். அவன் ரெக்கார்டிங்கையே போட்டுக் காட்டியிருந்தாலும் நான் வாசித்ததுதான் அதில் இருக்கிறது, வாசிக்காமல் விட்டது எப்படி இருக்கும்? அது எந்த நோட்டு அண்ணா என்று கேட்டேன். “அதை இப்போ எங்க போய்த் தேடுறது? அன்னிக்கு வந்துச்சு, போச்சு,” என்று சொல்லிவிட்டு வடை எடுக்கப் போனார்.

இப்போதும் ஞாயிறுதோறும் வாசிக்கிறோம். மந்தவெளியில் அவர் முறை வரும்போது அவர் சாக்ஸை மடியில் வைத்துக்கொள்வார், நான் கார்டு வாசிப்பேன், யாரும் கைதட்டுவதில்லை. பிள்ளைகள் போன பிறகு மாடியில் தனியாக அந்தச் சங்கதியை வாசித்து, கடைசியில் ஒவ்வொரு கட்டையாக வைத்துப் பார்க்கிறேன். எதுவும் உட்காரவில்லை. பயமா என்று கேட்டால் இல்லை, பொறாமைதான். அத்தனை வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவள் நான். அன்றைக்கு பிரியாணியும் குலோப் ஜாமூனும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் அவரைக் கேட்டிருக்கிறார்கள், என் கைகூடக் கேட்டிருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை.