ரயில்வேக்காரர் வீட்டுக் கித்தா மரம்

எங்கள் மலேசியப் பாடப் புத்தகத்தில் இந்தியர் என்றால் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுக்கிற ஒரு பெண்மணிதான். தலையில் துணி, கையில் உளி, பக்கத்தில் பால் வாளி. மலாய்க்காரருக்கு வயல், சீனருக்கு ஈயச் சுரங்கம், நமக்கு இந்த அம்மணி. ஈப்போவில் நான் படித்த பள்ளியின் நாலாம் வகுப்பில் தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான். அதனால் பல்லின வாரத்து மாறுவேடப் போட்டியில் அந்த வேஷம் எனக்கென்று டீச்சர் ஆசையாகவே முடிவு செய்துவிட்டார்.

அப்பாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்து வழி.

"எங்கட ஆக்கள் ரயில்வே உத்தியோகத்துக்கு வந்தவை. மரம் வெட்ட வந்தவை இல்ல. டீச்சரிட்ட அப்பிடியே சொல்லு."

அம்மா பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா ஆயுள் முழுக்க மரம் வெட்டியவர். அது அப்பாவுக்குத் தெரியும். அப்பாவின் அக்காவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கல்யாணத்துக்கே அவர் வரவில்லை. அம்மா அப்பாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினார். சொதி வைக்க அவர் கற்றுக்கொண்டதே இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான்.

அப்பா அட்டையில் ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி செய்தார். ரவிக்கைத் துணியில் பச்சைக் கொடி தைத்துக் கொடுத்தவர் அம்மாதான்.

மேடையில் ரயில்வே கதையை மலாயில் பிசகாமல் ஒப்பித்தேன். அப்படியானால் கித்தா மரம் வெட்டியது யார் என்று டீச்சர் சிரித்துக்கொண்டே கேட்டார். இதற்கு அப்பா பதில் சொல்லித் தரவில்லை. ஆனால் எனக்குத்தான் தெரியுமே! என் அம்மா வீட்டு ஆட்கள் என்று உரக்கச் சொல்லி, கடைசி வரிசையில் இருந்த அம்மாவைப் பார்த்துக் கொடியை ஆட்டினேன்.

மண்டபமே திரும்பியது. அப்பா குனிந்து தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். தன் தாய் மரம் வெட்டியவர் என்றும், பள்ளி விடுமுறையில் தானும் வெட்டியதுண்டு என்றும் நிதானமான மலாயில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காரில் வீடு திரும்பினோம். சாலை விளக்கு சிவப்பானதும் அப்பா அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"நீயும் வெட்டினனியோ? எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

பச்சை விழுந்தது. அப்பா காரை எடுக்கவில்லை. எனக்குப் பரிசு கிடைக்காத வருத்தம்தான் இருவருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. நான் எழுந்து நின்று, அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் கொடியை ஆட்டி, "போலாம்ப்பா, போலாம்" என்றேன்.