விலங்கு அனுபவம்: பூஜ்ஜியம்

இந்த நாட்டில் நாய்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. நான் பகுதிநேரமாக வேலை பார்த்த கால்நடை கிளினிக்கில், அடுத்து வர வேண்டியவரின் பெயரைக் கணினியில் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். முதல் நாள் திரையில் 'பிரவுனி வில்சன்' என்று இருந்தது. "மிஸ்டர் பிரவுனி" என்று மரியாதையாக அழைத்தேன். வயதான ஒருவர் எழுந்து, காலடியில் படுத்திருந்த நாயிடம், "உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள், சார்" என்றார். காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கொடைக்கானல் மலையில், மன்னவனூரில் எங்கள் வீட்டில் எட்டுச் செம்மறி ஆடுகள் இருந்தன. ஒன்றுக்கும் பெயர் கிடையாது. காது கிழிஞ்சது, நெத்தி வெள்ள, நொண்டி என்று அடையாளம் மட்டும்தான். அவற்றுக்குச் சீக்கு வரும், சரியாகும், அல்லது சாகும். அவற்றை யாரும் நோயாளி என்று சொன்னதில்லை.

நான் ஆட்டு டாக்டர் ஆவேன் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ முடித்தபோது கட்-ஆஃப் கொஞ்சம் குறைந்து இடம் கிடைக்காமல் போனது. அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் ஊரில் எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அடுத்த வருடம், கொடைக்கானலில் நர்ஸாக இருந்த அம்மாவுக்குக் கனடாவின் சமவெளி நகரம் ஒன்றில் முதியோர் இல்ல வேலை கிடைத்து, அப்பாவும் சேர்ந்து நாங்கள் மூவரும் இங்கே வந்தோம். வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே பள்ளி முடித்தவுடன் யாரும் கால்நடை மருத்துவத்தில் சேர முடியாது. முதலில் கல்லூரியில் சில வருடங்கள் படிக்க வேண்டும், பிறகுதான் விண்ணப்பமே. பதினேழு வயதில் முடிந்துபோன சோலி இங்கே இருபதில்தான் தொடங்குகிறது என்று கேட்டு அம்மாவுக்குக் கோபம் வந்தது. இது தெரியாமல் ஒரு வருடம் அழுதிருக்கிறோமே என்ற கோபம்.

உயிரியல், வேதியியல், புள்ளியியல் என்று எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஊர்ப் பழக்கம், மார்க் போதும் என்று நினைத்தேன். மூன்றாம் வருடம் விண்ணப்பித்தேன். நேர்காணலுக்குக்கூட அழைக்காமல் நிராகரித்துவிட்டார்கள். மருத்துவப் படிப்புகளுக்குப் போக நினைக்கும் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்ல எங்கள் கல்லூரியில் லொரைன் என்று ஒரு பெண்மணி இருந்தார். அவர் என் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். விலங்குகளோடு பழகிய அனுபவம் எத்தனை மணி நேரம் என்ற கட்டத்தில் நான் பூஜ்ஜியம் போட்டிருந்தேன். கிளினிக்கைக்கூட அலுவலக வேலை என்று வேறு கட்டத்தில் எழுதியிருந்தேன். நீ ஒரு விலங்கையும் தொட்டதே இல்லையா என்று கேட்டார். வீட்டில் ஆடு இருந்தது, ஆனால் அது அனுபவம் இல்லை என்றேன்.

"அப்படியானால் அது என்ன?"

"வீடு."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்த வீட்டைப் பற்றிச் சொல் என்றார். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பத்தாம் வகுப்பில் ஒரு மழைக்காலக் காலை. பூம்பாறைப் பக்கம் மரம் விழுந்து பாதை அடைபட்டிருந்தது. வெள்ளனே டூட்டிக்குக் கிளம்பிய அம்மா பஸ் வராமல் வீடு திரும்பியிருந்தாள். பட்டியில் ஒரு ஆடு குட்டி போட முடியாமல் தவித்தது. ஆடு மாடு பார்க்க வரும் டாக்டரம்மாவின் ஜீப்பும் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. அப்பா ஆட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கை பெரியது, உள்ளே போகாது. "மனுசப் பிரசவம் எத்தனையோ பாத்துருக்கேன், இது எனக்கும் புதுசு. நீ கை விடு. தல தட்டுப்படுதா, காலு தட்டுப்படுதான்னு மட்டும் சொல்லு" என்றாள் அம்மா. ஒரு முன்னங்கால் பின்னால் மடிந்து கிடந்தது. தலையை மெல்ல உள்ளே தள்ளி, குளம்பு கிழிக்காமல் உள்ளங்கையில் பொத்தி, காலை முன்னால் கொண்டுவந்தேன். மரத்தை வெட்டி அகற்றிய பிறகு வந்து சேர்ந்த டாக்டரம்மா, தாயையும் குட்டியையும் பார்த்துவிட்டு, "யாரு கை விட்டது?" என்று கேட்டார். "நாங்கதாங்க" என்றார் அப்பா.

லொரைனும் கிட்டத்தட்ட அதையே கேட்டார். அடுத்த விண்ணப்பத்துக்காக நான் எழுதிக் கொண்டுபோன கட்டுரையில் 'நாங்கள்' என்று வந்த இடங்களையெல்லாம் சிவப்பில் சுழித்து, கை விட்டது யார் என்றார். நான்தான் என்றேன். அப்படியே எழுது என்றார். ஒவ்வொரு 'நாங்களை'யும் 'நான்' ஆக்கியபோது, அப்பாவையும் அம்மாவையும் பட்டியிலிருந்து வெளியே அனுப்புவது போல இருந்தது. கடைசியில் ஆட்டைப் பிடித்தவருக்கு ஒரு வாக்கியம், வழி சொன்னவளுக்கு ஒரு வாக்கியம் என்று விட்டு வைத்தேன். அந்த இரண்டை மட்டும் அவரும் சுழிக்கவில்லை.

அடுத்து, என் மணி நேரங்களுக்குச் சாட்சி வேண்டும். டாக்டரம்மா இப்போது ஒட்டன்சத்திரம் பக்கம் வேலை பார்க்கிறார். கேரட் ஏற்றிப் போகும் லாரிக்காரர் ஒருவர் மூலம் அப்பா அவருடைய நம்பரைப் பிடித்தார். என்னை மறந்திருப்பார் என்று பயந்துகொண்டே பேசினேன்.

"குளுருல கை செவந்து நின்ன புள்ளதான? எத்தன மணி நேரம்னு என்னத்தம்மா எழுத? பொறந்ததுலருந்துன்னு எழுதட்டுமா?"

எண்தான் வேண்டுமாம் மேடம் என்றேன். பள்ளி நாளில் இவ்வளவு, விடுமுறையில் இவ்வளவு, குட்டி போடும் மாதங்களில் இவ்வளவு என்று இருவருமாகப் போனிலேயே கணக்குப் போட்டோம். குறைத்துத்தான் போட்டோம். அப்படியும் வந்த எண்ணைப் பார்த்து லொரைன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

இந்த முறை நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. வரிசையாகச் சிறு அறைகள், ஒவ்வொன்றிலும் ஒருவர், சில நிமிடங்கள். நாலாவது அறையில் இருந்த பெண் கேட்ட கேள்வியில் 'லூசிங் பேஷன்ஸ்' என்று என் காதில் விழுந்தது. பொறுமை இழப்பதைப் பற்றிக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பலமுறை இழந்திருக்கிறேன், பெரும்பாலும் என் அப்பாவால்தான் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. உன் அப்பா என்ன செய்தார் என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் புரிந்தது, அவர் சொன்னது 'பேஷன்ட்ஸ்', நோயாளிகள். மன்னிப்புக் கேட்டு, நான் என்ன நினைத்தேன் என்று சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும், கட்டுரையில் எழுதாமல் விட்டதைச் சொன்னேன். மரம் விழுந்த அன்று காலை முதலில் வந்த குட்டி செத்துத்தான் வந்தது. அதன் முகத்தைத் துடைத்து ஓரமாக வைத்தேன். அழுவதற்கு நேரமில்லை, உள்ளே இன்னொன்று இருந்தது. கையைக் கழுவிவிட்டு மறுபடியும் கை விட்டேன். அந்த இரண்டாவது குட்டிதான் பிழைத்தது. அழுததெல்லாம் அதற்கு அப்புறம் என்றேன்.

முடிவு மின்னஞ்சலில் வந்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். முதல் வரியில் 'வாழ்த்துகள்' என்று இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு மூன்று நிறுத்தம் முன்பே இறங்கி, பனியில் ஓடி, அம்மா வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் போனேன். அம்மா படித்துவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்த பாட்டிமார், விஷயம் என்னவென்று தெரியாமலே கைதட்டினார்கள். அப்பா மன்னவனூரில் இருப்பவர்களுக்கு ஒருவர் பாக்கியில்லாமல் போன் போட்டார். பஞ்சாயத்துத் தலைவர், கேரட் லாரிக்காரர் எல்லாரிடமும் அவர் சொன்னது ஒரே வார்த்தை: "எம்மக தனியா நின்னு ஜெயிச்சுட்டா." அவர் வாயிலிருந்து 'நாங்க' வரவே இல்லை.

முதல் வருடம் எங்களை ஒரு பெரிய ஆட்டுப் பண்ணைக்கு அழைத்துப் போனார்கள், குளம்பு வெட்டப் பழக. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மலையே இல்லாத வெளி. என் முறை வந்தபோது ஆடு உதைத்துத் திமிறியது. பாடத்தில் சொன்னதெல்லாம் மறந்து, அதன் கழுத்தை முழங்காலோடு அணைத்து, "சும்மா கெட தாயி" என்றேன். அது அடங்கிவிட்டது. என்ன சொன்னாய் என்று கேட்டார் பண்ணைக்காரர். இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன். நான் நிமிர்வதற்குள் அவர் அடுத்த ஆட்டைப் பிடித்து, அதன் காதருகில் குனிந்து, "சூமா கெடா டாயீ" என்றார். என்ன நினைத்ததோ, அதுவும் அசையாமல் நின்றது.