நாலு விரல் வெளிச்சம்

அந்தத் தாளின் சொரசொரப்பு இன்னும் என் ஆள்காட்டி விரலில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், பாகூர்ப் பக்கத்து எங்கள் ஊர் மாதா கோயிலில், செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த சீமைப் படம் ஒன்று பலகையில் ஒட்டியிருந்தது. செத்துப்போன லாசர் கல்லறையிலிருந்து எழுந்து வந்த அற்புதம்; எங்கள் பேச்சில் "புதுமை". படம் முழுக்கக் கன்னங்கரேல் இருட்டு. சேசுநாதர் நீட்டிய கையிலிருந்து லாசர் முகம் வரைக்கும் மட்டும் வெளிச்சம் பாய்ந்திருக்கும். கண்ணாடி கிடையாது. கண் நோவுக்காரர்கள் அந்த வெளிச்சத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். களையெடுக்கும்போது நெல் தோகை கண்ணில் குத்திப் பார்வை மங்கிய என் அம்மாவும் வெள்ளிக்கிழமை தவறாமல் தொடுவாள்.

தொட்டுத் தொட்டு ஒருநாள் வெளிச்சம் கிழிந்தே போனது. யாரும் தொடாத இருட்டு குத்துக்கல்லாட்டம் அப்படியே இருக்க, வெளிச்சம் இருந்த இடத்தில் ஓட்டை, ஓட்டைக்குள் தார் பூசிய பலகை. புதிதாக வந்த பங்குச் சாமியார் பார்த்துவிட்டு, "அந்த வெளிச்சத்தை இங்க யாரு வரையறது? மந்திரிச்ச படம் கிழிஞ்சா எரிக்கறதுதான் முறை. ஞாயித்துக்கிழமை எரிச்சிடலாம்" என்றார்.

அம்மா அன்று சோறு தின்னவில்லை. "அதுவும் போயிட்டா நான் எதடி தொடுவேன்?" என்று அழுதாள். எனக்கு வந்ததே கோபம்! ஒன்பது வயது; மறுநாள் காலையில் அம்மாவோடு கோயிலுக்குப் போய், படத்தில் மூக்கு உரச நின்று பார்த்தேன். நாங்கள் பயந்த இருட்டெல்லாம் மயிரிழைக் கோடுகள்; நெருக்கிக் கீறினால் இருட்டு, தள்ளித் தள்ளிக் கீறினால் நிழல். ஓட்டையைச் சுற்றிக் கிழியாமல் மிஞ்சிய வெளிச்சத்தில் ஒரு கோடுகூட இல்லை. கீறினவன் அங்கே கையே வைக்கவில்லை, அது வெறும் தாள்.

"இன்னாடி பண்ற?" என்று அம்மா பதறப் பதற, என் ஞானோபதேசப் புத்தகத்தின் பழுப்பேறிய கடைசி வெற்றுத்தாளைக் கிழித்து, கஞ்சிப்பசை தடவி, ஓட்டையின் ஓரங்களுக்கு அடியில் செருகி ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "யாரு வரைஞ்சது?"

"வெளிச்சத்த யாருமே வரையல சாமி. சுத்தி இருக்கிற இருட்டத்தான் வரைஞ்சிருக்காங்க" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார், படம் பிழைத்தது. லாசர் இரண்டாம் முறை எழுந்துவிட்டார் என்று ஊரே கொண்டாட, நான் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா அதே இடத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டாள். "அது என் புஸ்தகத் தாளும்மா" என்றேன். "தெரியும் போடி" என்று மறுபடியும் தொட்டாள்.

இன்று கோயில் புதிது, படங்களெல்லாம் வண்ணம், எல்லாவற்றுக்கும் கண்ணாடி, தொட வழியில்லை. பழைய படம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. எங்கே இருந்தாலும் சரி, அதில் நாலு விரல் அகல வெளிச்சம் என்னுடையது.