இரண்டு தரம் மணி அடித்தால் சுகம்

போன கிழமை ஒரு பொடியன் வந்து எங்கள் வீட்டு லைன் போனைக் கழற்றிக்கொண்டு போனான். இனி எல்லாம் இன்டர்நெட்டில்தானாம். "அப்பா, அதில ஆர்தான் கதைக்கிறது?" என்று நீங்கள் சிரித்தீர்கள். உண்மைதான். சோலார் விற்கிறவர்களைத் தவிர அதில் யாரும் எடுப்பதில்லை. ஆனால் அவன் கொண்டுபோவதற்கு முன்னால் நான் ரிசீவரை எடுத்து மணந்து பார்த்ததை நீங்கள் காணவில்லை. பெற்றோல் மணம் இன்னும் இருக்கிறதோ என்றுதான். தூசி மணம்தான் வந்தது.

ரெய்னர்ஸ் லேனுக்கு வருமுன் நாங்கள் லண்டனின் மற்றப் பக்கத்தில், வால்தம்ஸ்டோவில் இருந்தோம். எனக்கு ஒரு பெற்றோல் ஸ்டேசனில் வேலை. எந்தச் சோப்புப் போட்டாலும் கையில் அந்த மணம் போகாது. இங்கே வரும்போது கூடவே கொண்டுவந்த இந்தப் போனிலும் அது ஏறியிருந்தது. அமெரிக்காவில் உங்கள் சித்தப்பாவுக்கும் அதே வேலைதான். கனடாவுக்குப் போகவென்று வெளிக்கிட்டவனை காசு வாங்கின ஏஜென்ட் நியூயோர்க்கில் இறக்கிவிட்டு நழுவிவிட்டான். அவன் அங்கேயே தங்கினான்.

"அண்ணை, இஞ்ச பெற்றோல் எண்டு சொல்லுறேல்லை. காஸ் எண்டுதான் சொல்லவேணும்."

"ஏன்ரா, அடுப்புக்குப் போடுறதையே காருக்கும் போடுறியள்?"

இப்படிக் கதைக்கவும் எங்களுக்கு வசதி இல்லை. கோல் எடுத்தால் காசு பறக்கும். அதனால் ஒரு ஒழுங்கு வைத்திருந்தோம். ஞாயிறு பின்னேரம் அவன் எடுப்பான். இரண்டு தரம் மணி அடித்ததும் வைத்துவிடுவான். சுகமாக இருக்கிறேன் என்று அர்த்தம். நானும் திருப்பி இரண்டு தரம் அடித்துவிட்டு வைப்பேன். மூன்றாவது மணியும் அடித்தால் ஏதோ நடந்துவிட்டது, தூக்கவேண்டும்.

உங்கள் அம்மா கலியாணம் முடித்து வந்த புதிதில் இது தெரியாமல் முதல் மணியிலேயே ஓடிப்போய்த் தூக்கிவிட்டா. "ஹலோ" என்றா. காசு போனது போனதுதான் என்று நினைத்தானோ என்னவோ, "அண்ணி, அண்ணைக்கு ஒழுங்காச் சாப்பாடு போடுறியளோ?" என்று கேட்டிருக்கிறான். அவன் அம்மாவோடு கதைத்த முதல் கதை அது. எங்கள் கலியாணத்துக்கு அவன் வரவில்லை. அகதிக் கேஸ் முடியாமல் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள்.

ஆனாலும் அந்த நாட்டில் அவனுக்கு ஒரு பைத்தியம். அவனோடு வேலை செய்தவர்களில் ஒருவன் மெக்சிக்கோ, ஒருவன் பங்களாதேஷ், ஒரு மனிசி ஹெயிட்டி. மத்தியானம் எல்லாருடைய பெட்டியிலும் எல்லாரும் கை வைப்பார்களாம். எப்போதாவது கதைத்தால் இதைத்தான் சொல்லுவான். "இஞ்ச எல்லாரும் எங்கையோ இருந்து வந்தவைதான் அண்ணை. ஒருத்தரும் ஆரையும் விருந்தாளியாப் பாக்கிறேல்லை." எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். என்னிடம் பெற்றோல் அடிக்க வருகிறவர்கள் எந்த ஊர் என்று கேட்பார்கள். வால்தம்ஸ்டோ என்பேன். இல்லை, உண்மையாக எந்த ஊர் என்பார்கள்.

ஒரு ஞாயிறு, மூத்தவளுக்கு முழுகவார்த்துக்கொண்டு நின்றேன். போன் இரண்டு மணியைத் தாண்டியும் அடித்தது. சோப்புக் கையோடு ஓடினேன். மறுபக்கத்தில் அழுகை.

"என்னடா? சொல்லன்!"

"சிட்டிசன் ஆக்கிப்போட்டாங்கள் அண்ணை. சின்னக் கொடி ஒண்டு தந்தவங்கள். பக்கத்தில நிண்ட கிழவனும் அழுதவர், நானும் அழுதனான். இனி வருவன்."

வருவான் என்றுதான் நினைத்தோம். அவனுக்கு, கூடச் சாப்பிட்டவர்களையே வேலைக்குச் சேர்த்துத் தொடங்கின கடை, பிள்ளைகள், பள்ளிக்கூடம். எனக்கு வீட்டு லோன், நீங்கள். வருகிற வருசம், வருகிற வருசம் என்று போய்விட்டது. கொழும்பில் பிரிந்தபோது அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. இப்போது வீடியோவில் அவன் தலை பளபளக்கிறது.

இந்த வருசம் டிக்கெட் போட்டான். நீங்கள் அவனுக்கென்று அறைகூட ஒதுக்கினீர்கள். பிறகு நிற்பாட்டிவிட்டான். ஏனென்று கேட்டீர்கள், நான் வேலை என்று சொன்னேன். உண்மையில் வேலை காரணம் இல்லை, பிள்ளைகளே. அவன் கடைக்கு வந்த ஒருத்தன் உன் நாட்டுக்குப் போ என்று சொல்லியிருக்கிறான். றோட்டில் ஆட்களை மறித்துப் பேப்பர் கேட்கிறார்கள் என்று, இப்போது பால் வாங்கப் போனாலும் சட்டைப்பைக்குள் பாஸ்போட் வைத்துக்கொண்டுதான் போகிறானாம்.

"பாஸ்போட் இருக்குத்தானேடா, பிறகென்ன?"

"இருக்கு அண்ணை. வெளிக்கிட்டா திரும்பி உள்ள விடுவாங்களோ எண்டு பயமாக் கிடக்கு."

"உன்னோட சாப்பிடுற ஆக்கள் என்ன சொல்லுகினம்?"

"மெக்சிக்கோக்காரன் வேலைக்கு வாறேல்லை. ஏனெண்டு நான் கேக்கேல்லை."

எங்கள் றோட்டிலும் விளக்குக் கம்பங்களில் இங்கிலாந்துக் கொடி கட்டியிருக்கிறார்கள். புட்போலுக்குத்தான் அப்பா என்று சின்னவன் சொன்னான். எங்களைப் போகச் சொல்லுகிறவர்களும் அதைத்தான் கட்டுகிறார்கள் என்று சொல்லாமல், ஓம் என்றேன். உங்கள் சித்தப்பாவின் கையில் இருந்த அந்தச் சின்னக் கொடி இப்போது எங்கே இருக்கும் என்று யோசித்தேன்.

போனைக் கழற்றின பிறகு வந்த ஞாயிறு பின்னேரம் மனம் கேட்கவில்லை. மொபைலில் அவனுக்கு எடுத்து, இரண்டு தரம் மணி அடிக்க விட்டு வைத்தேன். திருப்பி இரண்டு மணி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே அடித்தது. இரண்டு, மூன்று, நாலு. தூக்கினேன்.

"அண்ணை! என்ன? ஆருக்கு என்ன?" அவனுக்கு மூச்சு வாங்கியது.

சுகம் என்று சொல்ல எங்களிடம் இருந்த ஒரே சத்தம் அது. இப்போது அதைக் கேட்டால் அவனுக்கு நெஞ்சு பதறுகிறது.

"ஒண்டுமில்லையடா," என்றேன். "கை தவறிப் பட்டிட்டுது."