நாவலடி வயலின் எண்

“ஏட்டி, காலேஜு வரைக்கும் படிச்சு என்னத்தக் கண்டுபிடிக்கப் போற?” என்று பெரியப்பா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். தினமும் அப்பாவுக்கு நாளிதழை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன்.

போன ஆண்டு ஒருநாள் அதில் ஓர் அறிவிப்பு வந்தது. எங்கள் ஊரில் ஒரு சர்வே எண்ணுள்ள விவசாய நிலத்தை வணிக உபயோகத்துக்கு மாற்றக் கேட்டிருக்கிறார்கள். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதித் தரலாம். அதையும் கணீரென்று வாசித்தேன்.

“யாரு வயலோ? அடுத்ததப் படி ட்டி” என்றார் அப்பா.

எங்கள் ஊரில் வயலுக்குப் பெயர்தான் வழக்கம். எண்ணை யாரும் சொல்வதில்லை. சில மாதம் கழித்து, எங்களுக்கு மேலேயுள்ள நாவலடி வயலில் லாரி லாரியாக மண் கொட்டியபோதுதான் அது அந்த வயலின் எண் என்று புரிந்தது. அந்த வயலில் பாய்ந்த தண்ணீர்தான் எங்கள் வயலுக்கு வரும்.

நகரமைப்பு அலுவலகத்துக்கு ஓடினோம். “ஒருத்தரும் எழுதித் தரலையேம்மா. இடத்தப் பாத்து உத்தரவும் போட்டாச்சு” என்றார் அங்கிருந்தவர்.

திரும்பும்போது பேருந்தில் அப்பா, “நீ வாசிக்கத்தான் செஞ்ச மக்கா. எனக்குத்தான் வெளங்கல” என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தண்ணீர் வராததால் இந்தப் பிசானப் பருவத்துக்கு எங்கள் வயலில் நடவு இல்லை.

இப்போது ஊரிலுள்ள வயல்களின் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அறிவிப்பு வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். போன வாரம் வந்த எண், பெரியப்பா வயலுக்கு மேலே இருப்பது. ஆட்சேப மனு எழுதி, அவரிடம் கைநாட்டு வாங்கி, திங்கட்கிழமையே கொடுத்துவிட்டேன்.