மதிலுக்கு அந்தப் பக்கத்து மாமரம்

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கலியாணம் என்றால் அவளுக்கு ஒரு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். எங்கள் அப்பாவுக்கு மூன்றும் பெண்கள். அறுபதுகளிலேயே திருகோணமலை நகரத்துக்குள் காணிக்கு எங்கே போவது? வீட்டைச் சுற்றி இருந்த வளவையே கூறு போட்டார். பெரியக்காவின் வீட்டுக்காகத் தென்னைகள் போயின. சின்னக்காவின் வீட்டுக்காகக் கொய்யாவும் மல்லிகைப் பந்தலும் போயின. கடைக்குட்டி எனக்காக, மிஞ்சி நின்ற வேம்பைத் தறித்தார்கள். எனக்கு வீடே வேண்டாம் என்று அழுதேன். வீடில்லாதவளை யார் கட்டுவான் என்று கேட்டு அம்மா என் வாயை அடைத்துவிட்டார்.

மதிலுக்கு அந்தப் பக்கத்து மாமிக்கு எல்லாம் ஆண்பிள்ளைகள். பெண் இல்லாத வீடு என்று ஒழுங்கைச் சனமே அவருக்காக இரங்கியது. நான் இரங்கவில்லை. அவருடைய வளவில் ஒரு கல் ஏறவில்லையே! பெரிய மாமரம், அதன் கீழே புல். கோட்டைப் பக்கமிருந்து அலைந்து வரும் மான்கூட அங்கேதான் படுக்கும். எங்கள் பக்கம் சுவரும் தகரமும்தான், மத்தியானத்தில் மூச்சு முட்டும். மாமி மரத்தடியில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக் கால் நீட்டுவார். எனக்கு வயிறு எரியும்.

அவருடைய கடைசி மகனுக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். உடனே சம்மதித்தேன். துறைமுகத்தில் வேலை, நல்ல குணம் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான். என் கண் மரத்தில் இருந்தது. நாங்கள் அங்கேயே போய் இருந்தால் என்ன என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

“கட்டின வீட்டைப் பூட்டிப்போட்டு மாமியார் வீட்டில போய் இருக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?” என்றார்.

ஆக, மாப்பிள்ளைதான் றங்குப்பெட்டியோடு தங்கள் படலையால் வெளியே வந்து எங்கள் படலைக்குள் நுழைந்தார்.

வேலை முடிந்ததும் தாயைப் பார்க்கப் போவார். பார்த்த கையோடு அந்தச் சாய்மனைக் கதிரையில் நித்திரையாகிவிடுவார். நான் சமைத்தபடியே குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பேன். சொந்தப் புருசன் மேலேயே பொறாமை. நானும் போகலாம்தான். ஆனால் மருமகளாகப் போய்க் கதிரை நுனியில் இருப்பது வேறு, என்னுடையது என்று கால் நீட்டுவது வேறு.

பிறகு எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். மாமியின் பரம்பரையில் முதல் பெண். மாமி ஓடி வந்து பிள்ளையைத் தூக்கினார், அழுதார். மகிழ்ச்சி தாங்கவில்லை அவருக்கு.

“இனி நீ ஒண்டுக்கும் யோசிக்காதை பிள்ளை. இவளுக்கு வீடு என்ர வளவிலதான். அந்த மாமரத்தைத் தறிச்சா நல்ல பெரிய வீடாக் கட்டலாம்.”

எத்தனை வருடமாக ஆசைப்பட்ட வளவு.

“மரம் நிக்கட்டும் மாமி,” என்றேன்.

வீடில்லாதவளை யார் கட்டுவான் என்று சிரித்துக்கொண்டே மாமி பிள்ளையின் கன்னத்தைத் தடவினார்.